கல்லறைத் தோட்டத்துப் புல்

ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, லியோனார்ட் மைக்கை வாங்கி ஒரு வாக்குக் கொடுத்தார்.

“நம்ம கல்லறைத் தோட்டத்துல இனிமே ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. ஒரு சொட்டு மருந்தும் கிடையாது.”

யாரும் அவரிடம் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. கேட்காமலே வாக்குக் கொடுப்பது அவருடைய பிறவிக் குணம். மருந்து என்று அவர் சொன்னது களைக்கொல்லியை. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது என்றைக்கும் மருந்துதான். யாருடைய நோய்க்கு என்று கேட்டால் பதில் வராது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சிம்பாங் ரெங்கத்தில் அவர்களுடைய சின்னக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கரில் கல்லறைத் தோட்டம். மாதம் ஒருமுறை காண்டிராக்டரின் ஆட்கள் மூன்று பேர் முதுகில் புல் வெட்டும் பெட்ரோல் மெஷினைக் கட்டிக்கொண்டு வருவார்கள். புகை பூசைமேடை வரைக்கும் வரும். அறுபட்ட நைலான் கயிற்றுத் துண்டுகள் கல்லறைக்குக் கல்லறை சிதறிக் கிடக்கும். போன வருஷம் ஒரு கல் தெறித்து அவர் மாமியாரின் கல்லறைப் படத்தில் மூக்கு இருந்த இடத்தில் ஓட்டை போட்டுவிட்டது. மனைவி லூசி அழுதாள். லியோனார்டுக்கு அன்றுதான் சுற்றுச்சூழல் ஞானம் பிறந்தது என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். செனாயில் முப்பது வருஷம் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்வேன் என்பார்.

படித்துப் பார்த்துத்தான் திட்டம் போட்டார். பேட்டரியில் ஓடும் மெஷின் ஒன்று. வெட்டிய புல்லை அள்ளிக் கொளுத்தாமல் அப்படியே மண்ணில் மக்க விடுவது. பின்பக்க மூலையை வெட்டாமல் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் விட்டுவிடுவது. மீதிப் புல்லுக்குப் பேச்சியம்மாளின் எட்டு ஆடுகள்.

பேச்சியம்மாள் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் தனியாக இருந்தாள். புருஷன் இல்லை, மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. அவள் சாமி வேறு, கோயில் வேறு. ஆனாலும் ஆட்டுக்கு மேய்ச்சல் கிடைக்கிறது என்றதும் மனம் நிறைந்து போனாள். “சும்மா மேய விடுறீங்க. கல்லறைத் திருநாள் சாப்பாட்டுக்கு ஒரு ஆடு என் கணக்குல, அண்ணே,” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் வரைக்கும் எல்லாம் அமர்க்களமாக நடந்தது. ஆடுகள் பிளாஸ்டிக் பூவைக்கூடக் கடித்துப் பார்த்ததைத் தவிர வேறு குறையில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. பட்டாம்பூச்சி மூலையில் முளைத்த லாலான் புல் மெல்ல மெல்ல நகர்ந்து பாதித் தோட்டத்தைப் பிடித்தது. இடுப்பு உயரம். கத்தி மாதிரி ஓரம். ஆடுகள் அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பேட்டரி மெஷின் அதில் கால் மணி நேரம் முக்கும், அப்புறம் செத்துப்போகும். சார்ஜ் ஏற மூன்று மணி நேரம்.

கல்லறைத் திருநாள் இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. அன்று ஒவ்வொரு குடும்பமும் மெழுகுவர்த்தியும் பூவுமாக வந்து நிற்கும். ஃபாதர் கல்லறை கல்லறையாகப் போய் மந்திரிப்பார். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஜனங்கள் தங்கள் அப்பா அம்மாவை லாலானுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள், பட்டாம்பூச்சிக்கு வீடு கட்டுறேன்னு சொன்னீங்க. பாம்புக்குக் கட்டிட்டீங்க லா,” என்றான் மார்கஸ். விருந்துச் சமையலுக்குப் பொறுப்பு அவன். வாய்க்கும் அவனேதான் பொறுப்பு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லியோனார்டும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஃபாதர் தனியாகக் கூப்பிட்டு, “இந்த ஒரு தடவை அந்த காண்டிராக்டரையே கூப்பிட்டுடலாமே, லியோனார்ட். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க,” என்றார்.

“நான் பாத்துக்கிறேன், ஃபாதர்.”

அந்த வார்த்தையில்தான் எல்லாக் கேடும் இருந்தது. காண்டிராக்டரைக் கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் புகை வந்திருக்கும், மார்கஸ் இன்னும் நாலு நாள் சிரித்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் மெஷின் சத்தம் ஊருக்கே கேட்குமே. சத்தமில்லாத வழி ஒன்று அவருக்குத் தெரியும். பதினாறு வயதில், பள்ளி விடுமுறையில், எஸ்டேட்டில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர் அவர். புகை கிடையாது, சத்தம் கிடையாது. அடித்தால் இரண்டு நாளில் லாலான் வாடிச் சுருண்டுவிடும். பேட்டரி மெஷினே போதும், வழித்து எடுத்துவிடலாம்.

அவருடைய சித்தப்பா மகனுக்குக் கூலாய் பக்கம் மூன்று ஏக்கர் செம்பனை. அங்கே ஸ்டோரில் லேபிள் உரிந்த ஒரு பழைய போத்தல் கிடந்தது. இப்போது கடையில் விற்கக்கூடாத சரக்கு. லியோனார்ட் அதைத் துண்டில் சுற்றி, பம்போடு சேர்த்துக் காரில் வைத்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை பேச்சியம்மாள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, “வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆட்டக் கொண்டு வராதீங்க, பேச்சிம்மா. உள்ள கொஞ்சம் வேலை இருக்கு,” என்றார்.

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம் அடித்தார். பழைய மருந்து, வீரியம் குறைந்திருக்கும் என்று அளவைவிட இரண்டு மடங்கு ஊற்றினார். லாலானுக்கு மட்டும்தான் அடிக்க நினைத்தார். காற்று அவர் நினைப்பைக் கேட்கவில்லை. கல்லறைகளின் ஓரத்தில் ஆடு விரும்பித் தின்னும் இளம்புல்லிலும் விழுந்தது. போகட்டும், வெள்ளிக்கிழமை வரைக்கும் யார் வரப்போகிறார்கள் என்று பம்பைக் கழுவி வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் பேச்சியம்மாள் அவர் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“அண்ணே, நீங்க சொன்னதக் கேக்காமப் போயிட்டேன். மூணு ஆடு செத்துப்போச்சு.”

லியோனார்ட் கேட் வரைக்கும் வந்தார்.

“கடையில மார்கஸ் தம்பி உங்களக் கேலி பண்ணிட்டு நின்னுச்சு. எனக்குப் பொறுக்கல. நம்மளால முடிஞ்சது, கல்லறை ஓரத்துப் புல்லயாச்சும் தின்னு தீத்துடட்டும்னு நேத்து விடியக்காலையிலயே ஓட்டிட்டு வந்து கட்டிட்டேன். மழைத்தண்ணிப் புல்லு. வயிறு உப்பிக்கிச்சு போல. என் தப்புதான்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நாலாவதும் தள்ளாட ஆரம்பிச்சுச்சு. சாகுறதுக்குள்ள ஆள வச்சு வெட்டிட்டேன். வயிறு உப்புன ஆட்டுக்கறிக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க எப்பவும் செய்யிறதுதான். சாப்பாட்டுக்குன்னு சொன்ன வாக்கு இருக்கில்ல, லூசி அக்காகிட்டக் குடுத்துட்டேன். கோயில் ஃப்ரீசர்ல வச்சுட்டாங்க. மன்னிச்சுக்குங்கண்ணே, உங்க வேலையையும் கெடுத்துட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது உண்மை.

“பரவால்ல, பேச்சிம்மா. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க,” என்றார் லியோனார்ட்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னிப்புக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற லியோனார்டுக்குத் தன் முகத்தைத் தானே அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. உள்ளே போய்க் காப்பி குடித்தார்.

வெள்ளிக்கிழமை லாலான் காய்ந்து சரிந்திருந்தது. பேட்டரி மெஷின் அதைப் பேப்பர் மாதிரி வெட்டித் தள்ளியது. மத்தியானத்துக்குள் தோட்டம் துடைத்து விட்டாற்போல் ஆனது. யாரோ படம் எடுத்துக் கோயில் வாட்சப் குழுவில் போட, வாழ்த்துகள் வந்து குவிந்தன. ‘பெட்ரோல் இல்லாமலே செஞ்சு காட்டிட்டாரு நம்ம லியோனார்ட்’ என்று ஃபாதரே எழுதியிருந்தார். மார்கஸ்கூட, ‘அலமாக் அங்கிள், தோத்துட்டேன்’ என்று போட்டிருந்தான். ஒவ்வொன்றும் அவருக்கு முள்ளாகக் குத்தியது. அப்படிக் குத்தியும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தார், மனுஷர் அப்படி.

ஆனால் ஃப்ரீசரில் இருந்த கறி அவரை உட்கார விடவில்லை. இருநூறு பேர் சாப்பிடப் போகிறார்கள். குழந்தைகள் சாப்பிடும். மழை கொட்டிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், கோயில் மண்டபத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கறி இருந்த இரண்டு பிளாஸ்டிக் பைகளையும் எடுத்துக்கொண்டு போய்ப் பட்டாம்பூச்சி மூலையில் மூன்றடி தோண்டிப் புதைத்தார். செம்மண் முழங்கால் வரைக்கும் அப்பியது. மண்ணைத் தள்ளி மிதித்தபோது பெரிய பாரம் இறங்கியதாக நினைத்தார். யாருக்கும் கெடுதல் இல்லை, முடிந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“ஃப்ரீசர் பிளக் கழண்டு கெடந்துச்சு. ஆட்டுக்கறி நாத்தமெடுத்துருச்சு. பட்டாம்பூச்சி மூலையில பொதைச்சுட்டேன்,” என்று லூசியிடமும் மார்கஸிடமும் சொன்னார். லியோனார்ட் பொய் சொல்லமாட்டார் என்று ஊருக்கே தெரியும். அதனால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். “சில பொய் சொன்னேன், ஃபாதர்,” என்றார். வேறு ஏதாவது உண்டா என்று ஃபாதர் கேட்டார். இல்லை என்றார். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார் ஃபாதர். லியோனார்ட் முப்பது சொன்னார். பாரம் கொஞ்சமும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மந்திரிப்பு முடிந்து, ஜனங்கள் மண்டபத்தில் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஃபாதர் எல்லார் முன்னாலும் லியோனார்டைக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். கைதட்டினார்கள். லியோனார்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப அடக்கமான மனுஷர் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பேச்சியம்மாள் பரிமாற வந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, கையில் ஒரு தூக்குச்சட்டி. சோற்றுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய அண்டாவை எட்டிப் பார்த்தாள். கோழிக்கறி. அடுத்த அண்டாவில் பருப்பு. கோழியை அள்ளி அள்ளி வைத்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, வெளித்தாழ்வாரத்தில் லூசியோடு உட்கார்ந்திருந்த லியோனார்டிடம் வந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது.”

“கேளுங்க, பேச்சிம்மா.”

“ஃப்ரீசர் கெட்டுப்போச்சுன்னு மார்கஸ் தம்பி சொன்னுச்சு. ஆனா கோழியும் அதே ஃப்ரீசர்ல தானே இருந்துச்சு. கோழி கெடலயே.”

கோழியை லியோனார்ட் மறந்தே போயிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தீவாளி முடிஞ்ச நேரம். முனியாண்டிக்கு வெட்டுன ஆடுன்னு யாராச்சும் சொல்லிட்டாங்களா? படைச்ச கறி உங்க ஆளுங்க சாப்பிட மாட்டாங்க, எனக்குத் தெரியும். சத்தியமா படைக்கல, அண்ணே. சூடங்கூடக் காட்டல. உங்களுக்குன்னுதான் சுத்தமா வெட்டி, கழுவி, கட்டிக் குடுத்தேன்.”

லூசி பதறிப்போய், “ஐயோ, அப்படியெல்லாம் யாரும் சொல்லல, பேச்சி,” என்றாள். சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

லியோனார்டுக்கு ஒரு வழி திறந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். யாரோ இரண்டு பேர் அப்படி முணுமுணுத்தார்கள், நான் சண்டை வேண்டாமென்று புதைத்துவிட்டேன் என்றால் முடிந்தது. அவள் மனசு உடையும், ஆனால் நம்புவாள். படைத்த கறியை உங்கள் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். இப்படி ஒரு யோசனை தனக்கு வருகிறதே என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது வந்தது, போகாமல் அங்கேயே நின்றது.

பேச்சியம்மாள் தூக்குச்சட்டியை லூசியின் மடியில் வைத்தாள். “எனக்குன்னு எடுத்து வச்ச கறில இன்னைக்குப் பிரட்டல் வச்சேன், அக்கா. மத்தவங்க வேணான்னா போறாங்க. நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டா எனக்கு அது போதும்.”

லூசி மூடியைத் திறந்தாள். மிளகு வாசனை எழும்பியது. ஒரு துண்டை விரலால் எடுத்தாள்.

“லூசி, வேணாம்! கீழ போடு!”

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துண்டு லூசியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. பேச்சியம்மாளின் முகம் சுருங்கிச் சின்னதாகிவிட்டது.

“படைச்சது இல்லண்ணேன்னு சொன்னேனே,” என்றாள் மெதுவாக.

“அது இல்ல. பேச்சிம்மா, அது இல்ல.” அவர் எழுந்து நின்றார். “நான் மருந்து அடிச்சேன். செவ்வாக்கிழம. லாலானுக்கு. அதனாலதான் வராதீங்கன்னு சொன்னேன். மழைப் புல்லு இல்ல. உங்க தப்பு இல்ல. ஆட்டக் கொன்னது நான்.”

தட்டோடு வாசலுக்கு வந்த மார்கஸ் அப்படியே நின்றுவிட்டான். லூசி இரண்டு கையாலும் தூக்குச்சட்டியை மூடினாள்.

பேச்சியம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டும் இல்லை. அவள் ஏதோ நாள் எண்ணுவது போல விரலை மடக்கினாள்.

“நான் வியாழக்கிழமையிலேர்ந்து சாப்பிடுறேனே,” என்றாள்.

லியோனார்ட் ஃப்ரீசரில் இருந்த இரண்டு பையை நினைத்திருந்தார், இருநூறு பேரை நினைத்திருந்தார், குழந்தைகளை நினைத்திருந்தார். வெட்டினவள் வீட்டிலும் கறி இருக்கும் என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை. ஆட்டை வெட்டினால் ஈரலும் குடலும் தலையும் வெட்டினவர் வீட்டுக்கு என்பது எஸ்டேட்டில் பிறந்த அவருக்குத் தெரியாததில்லை. அதுவும் நினைவுக்கு வரவில்லை.

குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அவரே காரை ஓட்டினார். பின் இருக்கையில் லூசி பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழி நெடுக, வயிறு வலிக்கிறதா, தொண்டை எரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை, இல்லை என்று மட்டும் பேச்சியம்மாள் சொன்னாள். ரோட்டுக்கு இருபக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது. லியோனார்ட் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த மலாய்க்காரப் பையன் என்ன விஷம், எப்போது, எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டான். போத்தலில் லேபிள் இல்லை என்று லியோனார்ட் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தான். மருந்தை யார் அடித்தது என்று கேட்டான்.

“சாயா,” என்றார் லியோனார்ட். நான்.

ஜனவரியில் மைக் பிடித்துப் பேசிய குரல் அது இல்லை. பக்கத்தில் நின்ற லூசிக்கே சரியாகக் கேட்கவில்லை. பையன் இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவை சொன்னார்.

டாக்டர் பெண் ஒருத்தி வந்து நாக்கை, கண்ணை, வயிற்றைப் பார்த்தாள். இப்போதைக்குப் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரைக்கும் இருக்க வேண்டும் என்றாள். மூவரும் நீல நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். லியோனார்டின் போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. குழுவில் என்ன எழுதியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், எடுத்துப் பார்க்கவில்லை.

“நாலு ஆட்டுக்கும் நான் பதில் சொல்றேன், பேச்சிம்மா. நாளைக்கே,” என்று ஆரம்பித்தார்.

“ஆட்ட விடுங்க.” அவள் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். குரல் உயரவே இல்லை. “உங்க ஆளுங்க சாப்பிடக் கூடாதுன்னு மழையில நனைஞ்சு குழி தோண்டிப் பொதைச்சிருக்கீங்க. அவ்வளவு தூரம் யோசிச்சிருக்கீங்க. அந்த மூலையிலேர்ந்து பாத்தா என் வீட்டு அடுப்படி தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தாப் போதும். அப்ப நான் உள்ளதான் இருந்தேன். ஈரல் வதக்கிட்டு இருந்தேன்.”

அந்த வெள்ளிக்கிழமை மழையில், மண்வாசனைக்கு நடுவில், எங்கிருந்தோ தாளிக்கும் வாசனை வந்தது லியோனார்டுக்கு ஞாபகம் வந்தது. யார் வீட்டிலோ நல்ல சமையல் என்று அப்போது நினைத்திருந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து பேச்சியம்மாளின் பெயரைக் கூப்பிட்டாள். லியோனார்ட் சட்டென்று எழுந்து அவள் கைப்பையை எடுக்கப் போனார். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அக்கா வருவாங்க. நீங்க இங்கயே இருங்க, சார்.”

இத்தனை வருஷத்தில் அவள் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. லூசி அவரைத் திரும்பிப் பார்க்காமல் அவளோடு உள்ளே போனாள்.